கைப்பிடி

எஸ்டீமுக்கு வயது இருபத்திரண்டு.
ஆக்சென்ட்டுக்குப் பதினெட்டு.
மலையில் ஓடிய வண்டியின் கிளட்சை நம்பாதே
என்பார்கள் கீழே இருப்பவர்கள்.
நம்பாமல் என்ன செய்வது,
நாங்கள் மேலே இருக்கிறோம்.

பெட்போர்டில் பெள்ளி கவுடரின் எஸ்டீம்
காலை ஏழு மணிக் குளிரில்
இரண்டு முறை இருமி
மூன்றாவதில் எழுந்தது,
ஆஸ்பத்திரி லேபில் இரவு டியூட்டி பார்த்த மறுநாள்
நான் எழுவது போல.
"எடை கம்மிம்மா. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும்."
ஏறியது.
கால் வைக்கும் இடத்தில் துரு தின்ற ஓட்டை.
அதன் வழியே குன்னூர் ரோடு
ஓடிக்கொண்டிருந்தது.
சொன்னேன்.
"மழைத்தண்ணி வெளிய போகணுமில்ல" என்றார்.

அருவங்காட்டில் டெல்ஃபின் டீச்சரின் ஆக்சென்ட்.
சீட்டுக்கு இன்னும் பாலிதீன் உறை,
உள்ளே பாச்சை உருண்டை வாசம்.
கடிகாரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.
ஸ்டியரிங், விரல் பட்டால் திரும்புகிறது.
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
வயிறு உரசியபோது மட்டும்
டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டார்.

எழுபதாயிரம். ஒன்று முப்பத்தைந்து.
நோட்டில் நடுவே கோடு கிழித்து
மைலேஜ் வரைக்கும் எழுதிவிட்டு
நிறுத்திவிட்டேன்.
எங்கள் வீட்டில் வண்டியை முடிவு செய்வது
ஜெனிட்டாவின் வயிறு.
ஏழு வயது. கொண்டை ஊசி வளைவு
அவளுக்கு ஆகாது.

எஸ்டீமில் காட்டேரி தாண்டவில்லை,
காலை இட்லி முழுக்கப் பின்சீட்டில்.
கவுடர் ஒன்றும் சொல்லாமல்
பழைய பேப்பர் கொண்டுவந்தார்.
ஆக்சென்ட்டில் பர்லியாறு வரை போய்
மங்குஸ்தான் தின்று
வாய் ஓயாமல் பேசிக்கொண்டே திரும்பினாள்.
என் கணவர் சவரிநாதன்
(அவருக்கு ஓட்டத் தெரியாது)
அட்வான்ஸ் எண்ணத் தொடங்கிவிட்டார்.

இரவு ஸ்வெட்டரைக் கழற்றும்போது,
தலை உள்ளே மாட்டியிருக்க,
கம்பளிக்குள்ளிருந்து சொன்னாள்:
"அந்தக் கார்ல ஜன்னல் தொறக்கலம்மா.
சுத்துற கைப்பிடியே இல்ல.
வெறும் ஆணிதான் இருந்துச்சு."

மறுநாள் மேட்டுப்பாளையத்தில்
பழைய சாமான் கடை.
எஸ்டீம் கைப்பிடி எண்பது என்றான்.
அறுபதுக்குத் தந்தான்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
எனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.
தரை ஓட்டைக்கு வெல்டிங் எவ்வளவு ஆகும்,
பூக்கடைப் பக்கத்து ஆல்பர்ட்டைக் கேட்க வேண்டும்.

திரும்பும் பேருந்தில்
கைப்பையிலிருந்து அதை எடுத்து
மடியில் வைத்து
காற்றில் மெல்ல ஒரு சுற்று சுற்றினேன்.
இன்னொரு சுற்று.
ஜன்னலோரம் இருந்தவர்
என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
"தொறக்கணுமாம்மா?" என்று கேட்டு
கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டார்.
பனி முழுக்க உள்ளே வந்தது.