கண்ட்ரோல் ஷிப்ட் எஸ்

சகாயராணி விருத்தாசலத்துக்கு மாறுதலில் போனபோது
விட்டுப்போனவை:
கம்பி போன குடை, பாதித் தைல டப்பா,
எக்செல்லில் ஒரு மேக்ரோ.
அதற்கு அவள் வைத்த பெயர் சகாயம் 1.
இரண்டு எங்கும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

மஞ்சக்குப்பத்தில் கரண்டு வந்த மூன்றாம் நாள்
புயல் நிவாரணப் பட்டியல்கள் வந்து குவிந்தன.
தேவனாம்பட்டினம் பழைய வானவில் எழுத்துருவில்,
சோனங்குப்பம் ஆங்கிலத்தில்,
தாழங்குடாக்காரர் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்,
ஓரத்தில் அவர் கட்டைவிரலோடு.
அதை மட்டும் உட்கார்ந்து அடித்தேன்.

மற்றதற்கெல்லாம் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்.
திரை ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்.
கிறுக்கல் தமிழாகியிருக்கும்,
ஆதார் எண்கள் நாலு நாலாய்ப் பிரிந்து நிற்கும்,
இரண்டு தரம் வந்த ஆள் ஒருவராகியிருப்பார்.
வேர்டில் இன்னொரு விசை:
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்,
திரு யார் திருமதி யார் என்று பிசகாமல்.
அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.
வடையும் தின்றேன்.

வியாழக்கிழமை அஞ்சலாட்சி வந்தார்.
"ஊர்ல ஒட்டுன லிஸ்ட்ல என் பேரு இருக்கு,
இங்க வந்தா இல்லங்குறீங்க."
தேடினேன். இல்லை.
வந்த கோப்பில் இருந்தது, வரிசை எண் 88.

அன்றுதான் சகாயத்தைத் திறந்து உள்ளே பார்த்தேன்.
இன்னொருத்தி கைப்பையைத் துழாவுவது போலிருந்தது.
அவள் விரல் போன தடம் வரி வரியாக:
கீழே போ, வலப்பக்கம் போ, தேர்ந்தெடு,
தப்பான கட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்ததுகூட.
இருபத்தாறாம் வரியில்,
கதவு எண் காலியென்றால் வரிசையை நீக்கு.

வேறெதற்கோ செய்திருப்பாள்.
வீட்டுவரிப் பட்டியலாக இருக்கும்.

உப்பனாற்றுக் கரையில்
நாற்பத்தொரு வீடுகளுக்குக் கதவு எண் இல்லை.
பதினொன்றுக்கு இப்போது கதவும் இல்லை.

'நீக்கு' இருந்த இடத்தில்
மஞ்சள் அடிக்கச் சொல்லி எழுதினேன்.
ஓட்டினேன்.
நாற்பத்தொரு மஞ்சள் வரிசைகள்,
நடுவில் அஞ்சலாட்சி, இனிஷியல் தப்பாக.

போன் போட்டால் சகாயராணி கேட்கிறாள்,
"அது இன்னுமா ஓடுது?"
சகாயம் 2 என்று பெயர் மாற்றிச் சேமித்தேன்.

கடிதத்தில் முகவரி இடம் வெறுமையாக வந்தது.
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
ஐஸ் பேக்டரிக்குப் பின்னால்,
கவிழ்ந்து கிடக்கிற நீலப் படகுக்கு அடுத்தது.

படகை எடுத்துவிடுவதற்குள்
மீதி நாற்பதையும் போய்க் கேட்க வேண்டும்.