மூன்றாவது பின்

இடுக்கி முனையில் பிடித்து
ஒவ்வொன்றாக அச்சுக்குள் வைக்கிறாள் ரெஹானா.
வெள்ளீயம் பூசிய ஆறு பித்தளைப் பின்கள்,
தீக்குச்சியில் பாதி நீளம்.
பல் டாக்டர் மாதிரி அப்படியொரு குனிவு.
கதவு சாத்திக்கொள்கிறது.
கண்ணாடி இழை கலந்த கறுப்புக் குழம்பு
இருநூற்று அறுபது டிகிரியில் பாய்ந்து வருகிறது.
இருபத்திரண்டு வினாடி.
திறந்தால் கனெக்டர்.

இனி பிரிக்க முடியாது.
செருகுகிற வகையில் பின் ஒன்று வளைந்தால்
பிடுங்கிப்போட்டு வேறு மாட்டலாம்.
இதில் ஒன்று சாய்ந்தால் ஆறும் குப்பை.
முதல் வாரம் சிவப்புத் தொட்டியில் நாலாயிரத்து முந்நூறு.
முதலாளி எண்ணச் சொன்னார்.
வரைந்த என்னையே எண்ணச் சொன்னார்.

சாய்ந்தது எப்போதும் மூன்றாவது பின்.
குழம்பு நுழைகிற வாய்க்கு நேர் எதிரே நிற்கிறது அது,
வெள்ளத்தில் மாட்டிய ஒற்றைக் கம்பம் மாதிரி
என்று எழுதலாம்தான்.
பாலாற்றில் நான் வெள்ளம் பார்த்ததே இரண்டு தடவை.
வாயை ஓரத்துக்கு மாற்றினோம்.
டூல்ரூம் ஞானப்பிரகாசம் அச்சுக்குள் இரண்டு முள் வைத்தார்,
குழம்பு பாயும்போது பின்னை இருபக்கமும் பிடித்துக்கொள்ள.
முள் விலகிய இடத்தில் இரண்டு சின்னக் குழி.
அம்பு போட்டு டிராயிங்கில் எழுதினேன்:
இந்தத் தழும்பு அனுமதிக்கப்பட்டது.

அப்புறம் தண்ணீர்.
காற்றை உள்ளே அழுத்தி
கண்ணாடித் தொட்டியில் முக்கினோம்.
மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, யாரும் நகரவில்லை.
பதினோராவது நிமிடத்தில்
கடுகளவு ஒரு குமிழ்.
மூன்றாவது பின்னின் இடுப்பிலிருந்து.

பிளாஸ்டிக் பித்தளையோடு ஒட்டுவதே இல்லை.
ஆறும்போது சுருங்கி
இறுக்கிக் கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
அடுப்பில் வைத்து எடு, பனியில் வைத்து எடு,
இரண்டும் வேறுவேறு அளவில் விரிகின்றன.
வேண்டாம், சிப்காட் வாசலில்
மே மாதத்து மதியம் ஒரு வண்டியை நிறுத்தினாலே போதும்,
மயிர் நுழையாத இடைவெளி விழுகிறது.
தண்ணீருக்கு அது ராஜபாட்டை.

தடுக்க முடியாது, வழியை நீட்டலாம்.
பின்னின் நடுவே, யாரும் பார்க்கப்போகாத
ஏழு மில்லிமீட்டரில்
குழம்பு ஊடுருவிப் பூட்டிக்கொள்ள ஒரு துளை,
குறுக்கே மூன்று பள்ளம்.
ஏறி இறங்கி, ஏறி இறங்கி
தண்ணீர் பாதியில் களைக்கட்டும்.
ஒரு பள்ளத்தை எடுத்தால் எத்தனை பைசா மிச்சம்
என்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போனில் கேட்டார்கள்.
ஏழு பைசா என்றேன், எடுக்க மாட்டேன் என்றேன்.
ரெண்டாவதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
ரெஹானா திரும்பிப் பார்த்தாள்.

கார்த்திகை மழையில்
காட்பாடி ரயில்வே பாலத்தடியில் ஆட்டோ நின்றுபோனது.
முழங்கால் தண்ணீர். ஹெட்லைட் செத்துவிட்டது.
கனெக்டர்ல தண்ணி பூந்துக்கிச்சும்மா என்றார் டிரைவர்,
என்னிடம்.
பிடுங்கிப் பார்த்தேன். எங்களுடையது இல்லை.
செருகுகிற வகை; ஒரு பின் பச்சை பூத்துப்
பின்வாங்கி நின்றது.
துடைத்து, ஊதி,
தலையிலிருந்த ஹேர்பின்னால் உள்ளே தள்ளினேன்.
க்ளிக்.
வெளிச்சம் மழையை வெள்ளையாகக் கோடு போட்டது.

நூற்றைம்பதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை அந்த ஆள்.

அதுவல்ல விஷயம்.
என்னுடையதாக இருந்திருந்தால்
ஹேர்பின் எதற்கும் உதவியிருக்காது.
என்னுடையதில் தண்ணீரே நுழைந்திருக்காது
என்று அடுத்த வரியை உடனே சொல்ல
வாய் வரவில்லை.

தலை துவட்டாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.
நாலாவது பள்ளத்துக்கு
இடம் இருக்கிறதா என்று பார்க்க.
துளையைக் கொஞ்சம் நகர்த்தினால்
அரை மில்லிமீட்டர்.