மூன்று மாதத்துக்குள் வந்த ரசீது

போர்ட் லூயிஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
நகல், லாமினேஷன், நாலு படம் நூற்றைம்பது ரூபாய்.

க்ளான்சி உள்ளே வந்தபோது
கம்பெனித் தோட்டத்து ஆலம்பழச் சாறு
சட்டைத் தோளில் காய்ந்திருந்தது.
ஏதோ குழாயடியில் முகம் மழித்திருக்கிறார்,
ஒரு கன்னம் மட்டும் ஒழுங்காக.

வேலை கிடைத்துவிட்டதாம்.
பெரிய வங்கிக் கட்டடத்துக்கு இரவுக் காவல்.
விடிய விடியத் தூங்காமல் இருக்கச் சம்பளம்.
"அது எனக்குப் பழகினதுதானே" என்றார்.

சிரிக்கலாமா என்று கேட்டார்.
கூடாது, விதி என்றேன்.
வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

இந்தத் தீவில் சட்டத்துக்கு
அந்தக் காலத்திலிருந்தே படம் என்றால் ஆசை.
ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் என் ஓரகத்தி
ஒருமுறை ஒரு முகத்தைக் கொண்டுவந்து
பெரிதாக்கித் தரச் சொன்னாள்.
எண் தெளிவாக இருந்தது.
பெயரில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.
ஏதோ ஒரு முத்து.
ஐந்து வருஷம் கரும்பு வெட்டி முடித்தவர்,
மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்காதவர்,
பாம்பிளமூஸ் பக்கம் சொந்தமாகக் கத்திரிக்காய் போட்டவர்.
கூடையோடு மாவட்ட எல்லையைத் தாண்டினார்.
படம் ஒட்டிய சீட்டு மடியில் இல்லை.

அவருக்கு வீடு இருந்தது.
வீட்டில் ஒருத்தி உலை வைத்துக் காத்திருந்தாள்.
முதலாளிதான் இல்லை.
அந்த நாள் சட்டத்தில் முதலாளிதான் முகவரி.

க்ராந்த் ரிவியேர் கொட்டடியில்
கல் உடைக்க விட்டார்கள்.
எத்தனை நாள் என்ற கட்டத்தில் மை ஊறியிருக்கிறது.
காய் என்ன ஆயிற்று என்று
பதிவேட்டில் இடமே இல்லை.

நான் பள்ளி விட்டு இருட்டி வந்தால்
அம்மா "வாகாபோன்" என்பாள், கரண்டியும் கையுமாக.
சட்டப் புத்தகத்திலிருந்து அந்தச் சொல்
எங்கள் சமையலறைக்கு எந்த வழியாக வந்தது?
அந்தக் கல்லைப் பரப்பிய சாலை வழியாகத்தான்
வந்திருக்க வேண்டும்.

க்ளான்சியை யாரும் கல் உடைக்கச் சொல்வதில்லை.
டார்ச் வெளிச்சம் கண்ணில் விழும்.
"எழு, நட."
உல்லாசக் கப்பல் வரும் நாளில்
ஒரு மணி நேரம் முன்னதாகவே விழும்.
எங்கே நடப்பது என்று கேட்டால்
அது தன் வேலை இல்லை என்பாராம் காவலர்.
நல்ல மனுஷன்தான், ஒருநாள் பாதி ரொட்டி கொடுத்தார்,
அதையும் சொல்லிவிடு என்றார் க்ளான்சி.
சொல்லிவிட்டேன்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன்.
பெயர். பிறந்த தேதி.
வசிப்பிடம், சான்று இணைக்கவும்:
மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார ரசீது.

அவர் கூரையைப் பார்த்தார்.
என் கடையில் கூரை இருக்கிறது.
தோட்டத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறது,
அதன் அடியில்தான் படுக்கிறார்.
அந்த வெளிச்சத்துக்கு ரசீது நகராட்சிக்குப் போகிறது.

மேசை இழுப்பறையில் என் வீட்டு ரசீது.
எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.
செத்துப்போன கணவர் பெயரில்தான் இன்னும் வருகிறது.
இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று
ஒரு வரி எழுதி ஒப்பமிட்டால்
அது குற்றம்.
எனக்குத் தெரியும். வாசலில் ஒட்டியே வைத்திருக்கிறேன்,
பொய்ச் சான்றுக்கு என்ன தண்டனை என்று.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று.
நிஜமாகவே ஒருநாள் வந்து கதவைத் தட்டினால்?
ஒரே அறை. மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அடுத்த வாடிக்கையாளர் இருமினார்.

நகல் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம்
ரசீதின் மேல் மெல்ல நகர்ந்து போனது,
டார்ச் மாதிரியே.

எழுதினேன். எழுத்து என்னுடையது மாதிரி இல்லை.

படங்களை வெட்டிக் கொடுத்தேன்.
நாலிலும் லேசாகச் சிரிக்கிறார், விதியை மீறி.
நகலுக்கு ஐந்து ரூபாய் என்று
சில்லறையைத் தேடி எடுத்து வைத்தார்.

வாங்கிக்கொண்டேன்.