சில்லறை

ரயில்மேல் போட்ட வழக்குக்கு
ரயிலில்தான் போக வேண்டியிருக்கிறது.
கும்பகோணத்தில் உழவன் நின்ற சில நிமிடத்துக்குள்
முதலில் ஊன்றுகோல் ஏறியது,
பிறகு ஜெகபர் நாச்சியா,
பிறகு அவள் கையைப் பிடித்து நான்.
சீட்டை அவளிடம்கூடக் கொடுக்கவில்லை.
உள்ளங்கையிலேயே வைத்துத் தூங்கினேன்.
விழுப்புரம் வருவதற்குள் வியர்வையில்
எழுத்து கலங்கிப்போயிருந்தது.

அன்றைக்கும் வாங்கினேன்.
ஐப்பசி. தீபாவளிக்கு ஒன்பது நாள்.
ஜவுளிக்கடையில் நாங்கள் உட்காரலாம் என்று
சட்டம் வந்திருந்தது, ஸ்டூலும் வந்திருந்தது.
அதன்மேல் முதலாளி
பில் கட்டுகளை அடுக்கியிருந்தார்.
காலை ஒன்பதரைக்கு நின்ற கால்
ராத்திரி ரயில்பெட்டியில்தான் மடங்கும்,
அதுவும் இடம் கிடைத்தால்.

சுந்தரப்பெருமாள் கோவிலில் நடைமேடை தாழ்வு.
மழை வேறு.
ஒரு கால் கீழே, ஒரு கால் படியில்,
வண்டி ஒரு தரம் விக்கியது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
ஓடும் வண்டியிலிருந்து குதித்தார் என்கிறது
ரயில்வேயின் பதில் மனு. பதினான்கு பக்கம்.
நான் குதித்ததை அத்தனை விவரமாக
நானே பார்த்ததில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
புடவையைக் கத்தரித்து எடுத்தார்களாம்.
கைப்பை வீடு வந்து சேர்ந்தது,
சாப்பாட்டு டப்பா, குடை, கடைச் சாவியோடு.
சீட்டு வரவில்லை.
சீட்டில்லாதவர் பயணியில்லை.
பயணியில்லாதவருக்குக் கால் போனால்
போனதுதான்.

வக்கீல் தைரியநாதன் அட்டவணையைப் பிரித்து
முழங்காலுக்குக் கீழே எவ்வளவு மிச்சம் என்றார்.
அங்குலத்துக்கு அங்குலம் தொகை மாறுமாம்.
டாக்டர் டேப்பை வைத்தபோது
பழக்கத்தில் நுனியை நானே பிடித்துக்கொண்டேன்.
இருபது வருஷம்
ஜாக்கெட் துணி எண்பது சென்டிமீட்டர் என்று
அளந்து கிழித்தவள்.
ஒரு விரற்கடை கூடவிட்டுத்தான் கிழிப்பேன்.
டாக்டர் விடவில்லை.

மூழ்கின சம்பாவுக்குக் கணக்கெடுக்க வந்தவர்
மேட்டில் நின்றபடியே எழுதிப்போனாரே,
அவர் தேவலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கிரிசாமி என்று ஒருவர்
டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார்.
அதே தேதி, அதே ஊர்,
யாரோ கசக்கிப்போட்ட சீட்டு இருக்கிறது,
கறையோடு வேண்டுமா, கறையில்லாமலா?
நான் வாங்கினதை வாங்கினேன் என்று காட்ட
இன்னொருவர் சீட்டா?
மூன்று ராத்திரி அந்தக் கேள்வி
இல்லாத காலில் அரித்தது.
நாலாம் நாள் வேண்டாம் என்றேன்.
நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்,
பாதிக்குப் பாதி கேட்டார்.

மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி.
கடையில் நான் வெறும் மங்கை.
முழுப்பெயரை மூன்று தரம்
சென்னையில்தான் கூப்பிட்டார்கள்.

சாட்சி சொல்ல ஜெகபர் நாச்சியா எழுந்தாள்.
முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.
இரண்டு வருஷம் ஆகிறது,
அவர் சீட்டு வாங்கியது மட்டும்
எப்படி ஞாபகம் என்றார் ரயில்வே வக்கீல்.
"கவுண்டர்ல சில்லறை இல்லைன்னாங்க.
ரெண்டு ரூபா நாந்தான் கொடுத்தேன்.
இன்னும் திரும்பி வரல சார்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
தட்டச்சுக்காரர் கையை நிறுத்தி
இதையும் அடிக்கவா என்பதுபோல் நிமிர்ந்தார்.
அடித்தார்.

அடுத்த தேதி தை கடைசியில்.
எழும்பூரில் இட்லிப் பொட்டலம் வாங்கி
மிச்ச நாணயத்தை அவளிடம் நீட்டினேன்.
ரெண்டு ரூபாய்.
என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.
"தீர்ப்பு வரட்டும்டி.
அதுவரைக்கும் நீ எனக்குக் கடன்காரி."

கொள்ளிடப் பாலம் தடதடத்தபோது விழித்தேன்.
நாணயத்தின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்திருந்தது.
சீட்டைத் தேடினேன்.
நாச்சியாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.
எப்போது கொடுத்தேனோ,
ஞாபகமில்லை.