இரண்டாம் ஆட்டம் விட்டதும்

படத்தை நான் பார்க்கவில்லை.
பதினாறு நாளாக
வண்டி எடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து
துண்டு துண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்,
டோக்கனோடு சேர்த்து.

அல்சூர். ஓய்ந்துபோன மெட்ரோ பாலம்.
ஏரிப் பக்கமிருந்து பாசி வாடை.
பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தால்
முதலில் சத்தம் வரும்,
அப்புறம்தான் ஆட்கள்.

"செம மச்சா! வெறுங்கையால அந்தப் பீரங்கியை…"
சொல்லிக்கொண்டே ஒருவன்
தலையை ஹெல்மெட்டுக்குள் விட்டான்.
பீரங்கியை என்ன செய்தான் என்பது
அந்த ஹெல்மெட்டுக்குத்தான் தெரியும்.

கராத்தே மாஸ்டர் முனிரத்னம்
டோக்கனை நீட்டாமல்
நடுரோட்டில் கால் அகட்டி நின்றார்.
"பாரு அமலு, இதுதான் நிலை.
அவன் நின்ன நிலைக்கு ஒரு குழந்தை தள்ளிடும்.
முதுகுல கயிறு கட்டி இழுக்கிறான்,
அதுக்குப் பேர் குங்ஃபூவாம்."
பின்னால் ஆட்டோ ஹாரன் மேல் ஹாரன்.
மாஸ்டர் அசையவில்லை.
நிலை சரியாகத்தான் இருந்தது.

பவுரிங் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா
கிளம்பாத ஸ்கூட்டியை உதைத்தபடி:
"கழுத்து அறுந்தவன்
எப்படிக்கா ரெண்டு பக்கம் வசனம் பேசுவான்?
மூச்சுக்குழாய்னு ஒண்ணு இருக்கே!"
இன்னொரு உதை.
"அந்த வசனத்துக்குத்தான் அழுதேன்.
அது வேற விஷயம்."

லட்சுமிபுரத்து அண்ணன் தம்பி இருவருக்குச் சண்டை.
கோட்டையைக் காத்தவன் பெரியவனா
காட்டிக்கொடுத்தவனிடம் நியாயம் இருந்ததா என்று.
சட்டையைப் பிடித்தார்கள்.
ஆளுக்கொரு திசையில் நடந்தே போனார்கள்.
டோக்கன் ஒன்பது.
அந்த பைக் விடியும் வரை நனைந்தது.

"ஏசி நல்லா இருந்துது" என்றாள் ஒருத்தி.
புருஷன் முறைத்தான்.

ஹவில்தார் சூசைநாதன்
சாப்பர்ஸ் பட்டாளத்தில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர்.
எப்போதும் கடைசியாக வருவார்.
"சண்டை இருக்கட்டும்மா.
ரெண்டரை மணி நேரத்துல
எவனாவது சாப்பிட்டானா?
எவனாவது பூட்ஸைக் கழட்டினானா?
அந்தப் பனியில ஈர சாக்ஸ் மாத்தாதவனுக்கு
எதிரி எதுக்கு?"
சொல்லிவிட்டு
மூன்றாம் முறையும் வந்து பார்த்தார்.

வியாழக்கிழமை. கடைசி ஆட்டம்.
ஸ்டாண்டில் ஒன்பதே வண்டி.
"போய் உட்காரும்மா" என்றார் மேனேஜர்.
உள்ளே பதினொரு தலை,
அதில் மூன்று தூங்கிக்கொண்டிருந்தது.

பீரங்கியை அவன் ஒன்றும் செய்யவில்லை.
விலகினான். குண்டு போயிற்று.
அவ்வளவுதானா என்றிருந்தது.

பிறகு கோட்டை வாசல் போர்.
தடி, கத்தி, முழங்கை, துப்பாக்கி.
நடுவில் நாயகன் பம்பரமாய்ச் சுழல,
நானூறு பேர் செத்துக் கிடந்தார்கள்.
எனக்குக் கண் ஓரத்துக்குத்தான் போகும்.
சாய்ந்த வண்டி எது, விழுந்த வண்டி எது என்று
பழகிய கண்.

இடது மூலையில் ஒரு பிணம்.
மீசை சரியாக முளைக்காத பையன்.
அவன் மூக்கில் பனி விழுந்தது.
பனியோ, உப்போ, பஞ்சுத் தூளோ.
மூக்கு சுருங்கியது.
உதடு இறுகியது.
வயிறு ஒருமுறை தூக்கிப் போட
தும்மலை அடக்கிக்கொண்டான்.
என் மூக்கும் சுருங்கியது.

அரை நொடி. காட்சி மாறிவிட்டது.
அதற்குப் பிறகு நாயகன் பேசியது எதுவும்
என் காதில் ஏறவில்லை.
அன்றைக்கு அவனுக்கு என்ன கூலி,
எத்தனை தடவை செத்தான்,
மத்தியானம் சோறு போட்டார்களா
என்றே ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே தூறல்.
ஓடி வந்து டோக்கன் பெட்டியைத் திறந்தேன்.
ஹவில்தார் சீட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"பார்த்தியா? எப்படி?"

"ஒருத்தனுக்கு ஜலதோஷம் சார்" என்றேன்.

துடைத்த கை நின்றது.
"எந்தப் பக்கத்து ஆளு?"

"தெரியலை சார்.
சட்டையெல்லாம் பனி மூடியிருந்தது."