ஐஸ் ஐஸ்

பாசோ வந்தது எங்களுக்குப் பாசி கட்டக் காட்டித்தர,
சுலவேசியிலயிருந்து மண்கும்பானுக்கு.
முதல்நாள் முழங்கால் தண்ணியில நிண்டு
என்னைக் காட்டி மனேச்சருக்குச் சொன்னான்:
"ஹீ வெரி பாஸ்ற். ஹீ குட் ஹான்ட்."
கயிறுகளை விட்டிட்டு ஆறு பொம்பிளையளும் சிரிச்சம்.
"ஐ ஆம் ஷீ" எண்டன்,
மெற்றில்டா, ரெண்டு பிள்ளையின்ர தாய்.
பள்ளிக்கூடம் விட்ட பிறகு
என்ர வாயால வந்த முதல் இங்கிலீசு அது.

அவன்ர பாசையில அவனுக்கும் அவளுக்கும்
ஒரே சொல்தானாம்.
"தலைக்குள்ள ஷீ இருக்கு,
வாய்க்கு வரேக்க மீசை முளைக்குது"
எண்டு கையாலயும் மீசையாலயும் விளங்கப்படுத்தினான்.

மத்தியானம், தோணி நிழல், சோத்துப் பாசல்.
வீட்டில புகிஸ், பள்ளியில இந்தோனேசியா,
தொழுகைக்கு அரபு.
நாலாவதா இங்கிலீசு வரேக்க
உள்ளுக்கு இடமில்லை,
வாசலிலயே படுத்திட்டுதாம்.
கூப்பிட்டா எழும்பும். சில நேரம் குரைக்கும்.

நீ எப்பிடி எண்டு கேட்டான்.
எனக்கு ஏழாம் வகுப்பு.
இறந்தகாலம் துவங்கின கிழமைதான்
நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டது.
கொப்பியில கோ, வென்ற், கோன் வரைக்கும் கிடக்கு,
அதுக்குப் பிறகு வெள்ளைத் தாள்.
இதைச் சொல்ல எனக்கு இங்கிலீசு காணாது.
"ஸ்கூல். வார். கோ" எண்டன்.
அவன் சாப்பாட்டைக் கீழ வைச்சான்.
கன நேரத்துக்குப் பிறகு,
தங்கடை பாசையிலயும் வினைச்சொல்லுக்குக் காலமில்லை எண்டான்.
நேற்று எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும்,
பிறகேன் அந்தச் சொல்லையும் போட்டு அடிக்கிறது?

அதோட எங்களுக்குள்ள ஒரு இங்கிலீசு ஓடத் துவங்கிச்சு.
யெஸ்ரடே ஐ ரை. ருமோறோ ஐ ரை.
கயிறுக்கு அது விளங்கிச்சு.
கனக்க எண்டா அவன் ரெண்டு தரம் சொல்லுவான்:
பிஷ் பிஷ், மான் மான்.
நாங்களும் சின்னச் சின்ன, வேற வேற எண்டுதானே கதைக்கிறம்,
பிழை சொல்ல வாய் வரேல்லை.

பங்குனி வெக்கையில பாசி வெளுத்துது.
முனையில தொட்டா உடைஞ்சு வருது.
பாசோ மணந்து பார்த்திட்டு
"ஐஸ் ஐஸ்" எண்டான்.
இதுவும் உன்ர கனக்கவோ எண்டு கேட்டன்.
இல்லையாம், நோயின்ர பேரே அதுதானாம்,
பெரிய படிப்புப் புத்தகத்திலயும் அப்பிடித்தானாம்.
நான் நம்பேல்லை.
எண்டாலும் கொழும்புக்குப் போற அறிக்கையில
வடிவா எழுதினன்:
சீவீட் சிக். ஐஸ் ஐஸ். ப்ளீஸ் ஹெல்ப்.

கொழும்பில ஆரோ படிச்ச பிள்ளை
ஒரு ஐஸை வெட்டித் திருத்தியிருக்குது.

அடுத்த செவ்வாய் லொறி வந்துது,
உமி போட்டு மூடின பாளக்கட்டி பதினாறோட.
பாசோ தண்ணிக்குள்ள குந்தியிருந்து சிரிச்சான்.
அண்டைக்கு மண்கும்பான் முழுக்க நன்னாரி சர்பத்து.
பாசி செத்துது.
அரைவாசிக் கயிறு திரும்பக் கட்டினம்.

ஆவணியில அவன்ர விசா முடிஞ்சுது.
போக முதல் ஒரு சொல் தந்திட்டுப் போனான்: பெலும்.
கலியாணம் முடிச்சாச்சோ, காசு வந்திட்டுதோ,
எது கேட்டாலும் அங்க ஆக்கள்
இல்லையெண்டு சொல்லாயினமாம், பெலும் எண்டுதானாம்.
இன்னும் இல்லை.

நேற்று மேற்பார்வையாளர் வேலைக்குப் படிவம் வந்துது.
ஒன்பதாம் கேள்வி: இங்கிலீசு தெரியுமா?
ஓமுக்கு ஒரு கட்டம், இல்லைக்கு ஒரு கட்டம்.
அடிமட்டம் எடுத்து
பக்கத்தில இன்னொண்டு கீறினன்.