கால் சுற்று

பிரேக் மிதித்தால் கத்துகிறது,
சிமெண்ட் தரையில் யாரோ தகரப்பெட்டியை இழுப்பதுபோல.

வேடியப்பன் சக்கரத்தைத் தொடாமலே விலை சொன்னான்.
"பேடு ஆயிரத்து நானூறு. கூலி எழுநூறு.
டிஸ்க்கு தேஞ்சிருந்தா அது தனி."
அந்தத் தனியில்தான் எனக்குக் கோபம் வந்தது.

நாலு ரோட்டில் அதே பேடு தொள்ளாயிரத்து ஐம்பது.
பதினாலாம் நம்பர் ஸ்பானர் மாடிவீட்டில் இருக்கிறது.
வீடியோ பதினோரு நிமிடம்.
அதில் கழற்றிக் காட்டுகிறவனுக்கு
நகத்தில் அழுக்கே இல்லை.

மிச்சம் ஆயிரத்து நூற்று ஐம்பது.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

குணவதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
திங்களிலிருந்து அவளுக்கு
ஓமலூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி.
"இதுல தொப்பூர் எங்க எழுதியிருக்கு?"
கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

தொப்பூர்.
ரப்பர் கருகும் வாசனையோடு லாரிகள் இறங்கும் சரிவு.
முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கை
நம்பியே ஆகவேண்டிய வளைவுகள்.
பணம் மிச்சம் பிடிப்பவன் நான்.
இறங்குகிறவள் அவள்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டேன்.
பின்சக்கரத்துக்கு இரண்டு கருங்கல்.
பிஸ்டன் உள்ளே போகமாட்டேன் என்றது.
தச்சுவேலைக் கிளாம்ப் வைத்து நெருக்கினேன்.
முட்டியில் தோல் போனது.
இடதுபக்கத்துக்கு மூன்று மணி நேரம்,
வலதுபக்கத்துக்கு நாற்பது நிமிடம்.
நடுவில் எதையோ கற்றிருக்கிறேன்;
என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதல் மிதியில் பெடல் தரைவரை போனது.
என் வயிறும் கூடவே போனது.
ஐந்தாறு முறை மிதித்தால் ஏறும் என்று
வீடியோவின் பத்தாவது நிமிடத்தில் இருக்கிறதாம்.
நான் ஒன்பதில் நிறுத்தியிருந்தேன்.

தெருவை நாலு சுற்று சுற்றினேன். நின்றது.
கத்தவில்லை.
ராத்திரி தூக்கத்தில் மட்டும்
நாலு போல்ட்டையும் திரும்பத் திரும்ப முறுக்கினேன்.

காலையில் வேடியப்பனிடமே போனேன்.
"இறுக்கம் மட்டும் பாரு."
அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.
நீளமான ரெஞ்சை வைத்தான்.
மூன்று இடத்தில் உடனே டிக்.
ஓரிடத்தில் கால் சுற்று போய், பிறகு டிக்.

"நூறு குடு."
"எந்த போல்ட்டு?"
அவன் அதற்குள் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்துவிட்டான்.
காலுக்குத் தெரிந்திருந்தாலும்
கால் பேசாது.

ஏழே காலுக்குக் கிளம்பினாள்.
"சாயந்திரமா வேற யாரையாச்சும் பார்த்தியா?" என்றாள்,
சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே.
காலையிலேயே போனதைச் சொன்னேன்.
நூறு ரூபாயையும் சொன்னேன்.
கால் சுற்றைச் சொல்லவில்லை.

எட்டு பத்துக்கு ஃபோன் அதிர்ந்தது: வந்துட்டேன்.
பிறகு இன்னொன்று:
ரிவர்ஸ்ல லேசா கத்துது.

நோட்டை எடுத்தேன்.
ஆயிரத்து ஐம்பதுக்குக் கீழே
தனி என்று எழுதி
எதிரே எதுவும் போடாமல் மூடினேன்.